மயங்கி விழுந்தால் திறக்கும் கதவு

ராஜபாளையத்தில் ஒரு டாக்டர் தம்பதிக்குச் சின்ன ஆஸ்பத்திரி ஒன்றுக்குப் பிளான் வரைந்து கொடுத்தேன். வேலை நடந்த நாட்களில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஸ்கூட்டரில் போய்வருவேன். கணவர் எலும்பு டாக்டர். வழுக்கி விழுந்தவர்களைத் தினமும் பார்ப்பவர். ஆனால் தன் கட்டிடத்தின் தரை மட்டும் முகம் தெரிகிற அளவுக்குப் பளபளக்க வேண்டும் என்பார். சொரசொரப்பான டைல்ஸுக்கு அவரைச் சம்மதிக்க வைப்பதற்குள் எனக்குத் தொண்டை வற்றிவிட்டது.

"வழுக்காத தரை போட்டா எங்கிட்ட யாரும்மா வருவா?" என்றார். விளையாட்டாகச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அடுத்து கழிப்பறைக் கதவில் தகராறு. வெளிப்பக்கம் திறக்கும்படி வரைந்திருந்தேன். நோயாளி உள்ளே மயங்கி விழுந்துவிட்டால், உள்பக்கம் திறக்கிற கதவு அவர்மேலேயே முட்டி நின்றுவிடும். டாக்டருக்கோ கதவு அறைக்குள் நீட்டிக்கொண்டு நிற்பது பிடிக்கவில்லை. நான் போகாத ஒரு நாளில், ஆசாரியிடம் சொல்லி முதல் அறையின் கழிப்பறைக் கதவை உள்பக்கம் திறக்கும்படி மாட்டச் செய்துவிட்டார்.

மறுநாள் அதைப் பார்த்த எனக்கு மறுபடியும் வாதாடத் தெம்பு இல்லை. டாக்டர் வெளியே நிற்க, நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டு, சிமெண்ட் தூசி படிந்த தரையில் கதவோரமாகப் படுத்துக்கொண்டேன்.

"சார், நான் மயங்கி விழுந்துட்டேன். வந்து காப்பாத்துங்க."

மயங்கியவர்கள் பேசமாட்டார்கள் என்று வெளியிலிருந்து திருத்தினார். சரி என்று வாயை மூடிக்கொண்டேன். தள்ளினார். கதவு ஒரு சாண் திறந்து என் இடுப்பில் முட்டியது. தோளைக் கொடுத்துத் தள்ளினார். பிறகு ஒரு கையை நுழைத்துத் துழாவி, நாடி பார்க்கக் கிடைத்தது என் செருப்பு. பாதி உடம்பை நுழைக்கப் பார்த்தார், தொப்பை வழிவிடவில்லை. இப்போது அவரும் கதவுக்கும் நிலைக்கும் நடுவே சிக்கிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து அவர் மனைவி காப்பி பிளாஸ்க்கோடு வந்தார். அந்த அம்மா குழந்தைகளுக்கான டாக்டர். பிளாஸ்க்கைக் கீழே வைத்துவிட்டு, எங்கள் இருவரையும் எட்டிப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் தள்ளுங்க. அந்தப் புள்ளைக்கு ஒரு எலும்பு முறிஞ்சா, மொத கேஸு கெடச்ச மாதிரி இருக்கும்ல" என்றார்.

டாக்டர் தங்கள் வீட்டில் பேசும் தெலுங்கில் நீளமாக ஏதோ பதில் சொன்னார். எனக்குப் புரியவில்லை. அந்த அம்மா சிரித்தாரே தவிர, தமிழில் சொல்லவில்லை. நான் எழுந்து நகர்ந்த பிறகுதான் டாக்டரை வெளியே எடுக்க முடிந்தது. சட்டையைத் தட்டிக்கொண்டே ஆசாரியைக் கூப்பிடச் சொன்னார்.

எல்லாக் கழிப்பறைக் கதவுகளும் வெளிப்பக்கம் திறக்கும்படி மாட்டப்பட்டன. அவசரத்துக்கு ஒரு நாணயத்தை வைத்துத் திருகினால் வெளியிலிருந்தே விலகும் தாழ்ப்பாளும் வந்தது. திறப்பு விழாவன்று டாக்டர் விருந்தாளிகளை ஆபரேஷன் தியேட்டரைக் காட்டுவதற்கு முன்னால் கழிப்பறைக்குத்தான் கூட்டிப்போனார். இப்படி ஒரு கதவு தனக்கு எப்படித் தோன்றியது என்று அவர் விளக்கியதை நானும் கூட்டத்தோடு நின்று கேட்டேன்.

சேத்தூரிலிருந்து வந்திருந்த அவருடைய மாமாவுக்கு மட்டும் முகம் மாறியது.

"நான் உள்ள இருக்கையில எவனாச்சும் திருகிட்டாம்னா?"

விழுந்தால் மட்டும்தான் திறப்போம் என்று டாக்டர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். பந்தி முடிந்ததும் மாமா, தன் மருமகனான டாக்டரையே கதவுக்கு வெளியே காவல் நிறுத்திவிட்டுத்தான் உள்ளே போனார்.