தங்கச்சி ஃப்ரீதானே

தையல் மெஷின் பழுது பார்க்கிற அவளைத் தெருவில் எல்லோரும் மெஷினம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். அப்பா கட்டிய வீட்டில் தெருவைப் பார்த்த முன்னறை அவள் பட்டறை. அதற்குப் பின்னால் கூடம், சமையலறை, அண்ணன் குடும்பம். அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு "வேண்டாம்னா வேண்டாம்" என்பதற்கு மேல் பதில் கிடைத்ததில்லை.

அவள் தொழிலில் 'ஃப்ரீ' நல்ல சொல். இறுகிப்போன மெஷினைப் பிரித்து, மண்ணெண்ணெயில் கழுவி, எண்ணெய் விட்டு, சக்கரத்தைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றுவாள். எங்கும் தட்டாமல் ஓடினால், "ஃப்ரீ ஆயிடுச்சு, எடுத்துட்டுப் போ" என்று சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்வாள். அந்த ஒரு நொடிக்காகத்தான் அவள் அந்த வேலையைச் செய்தாள்.

கூடத்தில் அதே சொல்லுக்கு வேறு முகம். அண்ணன் ஆபீஸுக்குப் போகிறவர், ஆகவே பிஸி. அண்ணி பாங்குக்குப் போகிறவர், அவரும் பிஸி. வீட்டை விட்டு வெளியே போகாமல் வேலை செய்தால் அது வேலையில் சேர்த்தியில்லை போலிருக்கிறது. பள்ளியிலிருந்து குழந்தையைக் கூட்டி வர வேண்டுமா, மோட்டார் ரிப்பேர்காரன் வரும்போது கூடவே நிற்க வேண்டுமா, அண்ணியின் அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டுமா, எல்லாவற்றுக்கும் அண்ணன் வாயில் தயாராக ஒரே பதில் இருந்தது. "தங்கச்சி ஃப்ரீதானே." தூரத்துச் சொந்தக்காரி ஒருத்தி மெஷினைக் கொண்டுவந்து இறக்கினாள். "நமக்குள்ள என்ன, ஃப்ரீயாதானே பண்ணித் தருவே?" என்று சிரித்தாள். அவளுக்காக ஒரு பகல் முழுக்கக் குனிந்தே கிடந்து கழுத்து பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

ஒருநாள் சாயங்காலம் தையல் கம்பெனி சூப்பர்வைசர் வந்து, பட்டறை வாசலில் நின்று ஏதோ சொல்லிச் சிரித்துவிட்டுப் போனார். அன்று கூடத்தில் அண்ணியின் குரல் காதில் விழுந்தது. "உங்க தங்கச்சி ஆம்பளைங்ககிட்ட கொஞ்சம் ஃப்ரீயாத்தான் பழகுறா."

கையிலிருந்த திருப்புளியை அவள் மேசையில் குத்தினாள். நேரத்துக்கு மதிப்பில்லை, உழைப்புக்குக் காசில்லை, இப்போது நடத்தையிலும் கை வைத்தாயிற்று. மூன்றுக்கும் ஒரே சொல். ஆனாலும் எழுந்து சமையலறைக்குப் போனாள். குழந்தைக்குச் சோறு போட நேரமாகிவிட்டது.

அந்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை அதே கம்பெனியில் மெஷின்களையெல்லாம் சர்வீஸ் செய்யக் கூப்பிட்டார்கள். காலையில் போனவள் இருட்டும் நேரத்தில் திரும்பினாள். பட்டறையில் விளக்கு எரிந்தது. உள்ளே யாரோ ஒருவர் சுவரில் கண்ணாடி அலமாரி மாட்டிக்கொண்டிருந்தார். செல்போன் கடை வைக்கப் போகிறாராம். அவளுடைய மேசை இல்லை. மெஷின்கள் இல்லை.

கொல்லைப்புறத்துக்கு ஓடினாள். தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே எல்லாவற்றையும் குவித்து, மேலே ஒரு சாக்கைப் போர்த்தியிருந்தார்கள். தொட்டி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. தையல்காரப் பெண்கள் அவளை நம்பி விட்டுப்போன மெஷின்கள். அவற்றுக்கு நடுவில், தொழில் ஆரம்பித்தபோது அவள் முதன்முதலாக வாங்கிய கறுப்பு மெஷின். தட்டின் இடுக்குகளில் தண்ணீர் தேங்கி நின்றது.

"அண்ணா!" அவள் போட்ட சத்தத்தில் செல்போன்காரர் ஏணியிலிருந்து இறங்கிவிட்டார்.

அண்ணன் நிதானமாக வந்தார். "எதுக்குக் கத்தறே? அந்த ரூம் பாதி நாள் ஃப்ரீயாத்தானே கிடக்குது. வாடகைக்கு விட்டா நமக்குத்தானே நல்லது?"

"யாரு ரூமை யாரு வாடகைக்கு விடறது? இந்த வீடு உங்க பேர்ல மட்டுமா இருக்கு?"

"எல்லார் முன்னாடியும் பேசற பேச்சா இது?"

"முன்னாடியே என்கிட்ட ஒரு வார்த்தை பேசியிருந்தா நான் ஏன் எல்லார் முன்னாடியும் பேசறேன்?"

அண்ணி அவள் தோளில் கை வைத்தார். "டென்ஷன் ஆகாதேம்மா. ஃப்ரீயா விடு."

அவள் அந்தக் கையை எடுத்துக் கீழே விட்டாள்.

"இத்தனை வருஷமா விட்டுட்டுத்தான் இருந்தேன் அண்ணி. இனிமே விட மாட்டேன்."

கறுப்பு மெஷினைத் தூக்கினாள். ஈரம் சொட்டச் சொட்டக் கூடத்துக்குக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையின் நடுவில் வைத்தாள். பிறகு அடுத்தது. அப்புறம் இன்னொன்று. சோபா, டி.வி. ஸ்டாண்ட், அண்ணன் பேப்பர் படிக்கிற நாற்காலி, ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. யாரும் உதவிக்கு வரவில்லை. தடுக்கவும் துணியவில்லை.

மறுநாள் பட்டறை கூடத்தில் நடந்தது. மண்ணெண்ணெய் வாடை படுக்கையறை வரைக்கும் போயிற்று. வாடிக்கைக்காரப் பெண்கள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கூடத்துக்கே வந்தார்கள். நடந்ததைக் கேட்டுவிட்டு அண்ணியை மேலும் கீழும் பார்த்தார்கள். குழந்தையிடம் காலையிலேயே சொல்லிவிட்டாள்: "இன்னைலேர்ந்து உன்னைக் கூட்டிட்டு வர அப்பா வருவார் கண்ணு. அத்தைக்கு வேலை இருக்கு." அண்ணனிடமும் அதையே சொன்னாள். அவர் நம்பவில்லை. மீட்டிங்கில் இருந்தவருக்குப் பள்ளியிலிருந்து போன் வந்த பிறகுதான் நம்பினார்.

வேர்த்து விறுவிறுத்து வந்தவர், "குழந்தைகிட்டயா உன் கோபத்தைக் காட்டறே?" என்று பாய்ந்தார்.

"குழந்தைகிட்ட இல்ல. குழந்தையைப் பெத்தவர்கிட்ட."

அந்த வாரமே செல்போன்காரர் அலமாரியைக் கழற்றினார். அவருக்கு யார் மேலும் கரிசனம் இல்லை, பயம்தான். "வீடு ரெண்டு பேர் பேர்ல இருக்குன்னு நீங்க சொல்லவே இல்லையே சார். நாளைக்கு இந்தம்மா என் சாமானையும் தூக்கி வெளியே வெச்சா நான் எங்கே போவேன்?"

அவள் முன்னறைக்குத் திரும்பினாள். அறைக்கும் கூடத்துக்கும் நடுவிலிருந்த கதவைத் தன் பக்கம் தாழ் போட்டு, அதற்குக் குறுக்கே மேசையைத் தள்ளிப்போட்டாள். வாடிக்கைக்காரர்களின் மெஷின்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத் துருவெடுத்து ஓட்டிக் காட்டினாள். தன்னுடைய கறுப்பு மெஷினை மட்டும் மீட்க முடியவில்லை; தூக்கிப் போட்டதில் உள்ளே தண்டு வளைந்திருந்தது. பல நாள் எண்ணெயில் ஊறப்போட்டும், தட்டிப் பார்த்தும், சக்கரம் அசையவே இல்லை. கடைசியில் அதைப் பிரித்து, தேறிய பாகங்களை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டாள்.

பிறகொரு நாள் அண்ணன் தெருப் பக்கமாக வந்து வாசலில் நின்றார். அண்ணியின் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன், ஆஸ்பத்திரியில் கூட இருக்க ஆள் வேண்டும்.

"நீங்க லீவு போடுங்க" என்றாள் அவள், தலையைத் தூக்காமல்.

"போட்டுட்டேன். சாயங்காலம் மட்டும் உன்னால வர முடியுமான்னு..."

அந்தக் கிழவியை அவளுக்குப் பிடிக்கும். யோசித்தாள். "கடையைப் பூட்டிட்டு வரேன். ஆனா அதுக்காக உங்களோட சமாதானம் ஆயிட்டேன்னு நினைக்காதீங்க."

அண்ணன் தலையாட்டிவிட்டுப் போனார். அவள் நூலைக் கோத்து மெஷினை ஓட்டிப் பார்த்தாள். ஓட்டம் சரியாகத்தான் இருந்தது. அவளுக்குத்தான் கோபம் இன்னும் அடங்கவில்லை.