ஊதா இல்லை என்றார் கலர்காரர்

புறங்கையில் ஒரு சொட்டு பெயிண்டைத் தடவி, குழந்தைக்குப் பால் ஆற்றுவதுபோல் ஊதி ஊதிக் காயவைத்தபடியே கடையைவிட்டு வெளியே வருகிறார் கலர்காரர். வெயிலில் நின்று பார்த்தால்தான் அவருக்குத் திருப்தி. கடைக்குள் எரிகிற ட்யூப் லைட்டை அவர் ஒரு நாளும் நம்பியதில்லை. "அந்த வெளிச்சத்துல பாத்தா என் மூஞ்சியே எனக்குப் பிடிச்சிரும்" என்பார். வெளியே வந்ததும் வலது கண்ணை இறுக மூடிக்கொண்டு, இடது கண்ணால் மட்டும் புறங்கையைப் பார்ப்பார். ரெண்டு கண்ணும் சேர்ந்து பார்த்தால் ஒன்றை ஒன்று குழப்புமாம். "இன்னும் ரெண்டு சொட்டு நீலம் கேக்குது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார். கேட்பது வாடிக்கையாளர் இல்லை, பெயிண்ட்.

முப்பத்திரண்டு வருடமாக அதே கடை, அதே கவுண்டர். சுவரிலிருந்து பெயர்த்த நகமளவு காரையைக் கொண்டுவந்து கொடுத்தால் போதும், அதே நிறத்தை டின்னில் அடைத்துக் கொடுத்துவிடுவார். ஷேடு கார்டில் இருக்கிற பெயர்கள் அவருக்கு ஆகாது. அவர் வைத்த பெயர்களே வேறு: நாக்கு ரோஸ், கத்தரிக்காய்த் தோல், மழைக்கு முந்தின வானம். பெயிண்டர்கள் அந்தப் பெயர்களைச் சொல்லித்தான் கேட்பார்கள். கடையில் கலவை மிஷின் ஒன்று வந்து நாலு வருடம் ஆகிறது. அதன் தலையில் அவர் தன் சாப்பாட்டுப் பையை வைத்திருக்கிறார்.

வீட்டிலும் இதே அதிகாரம்தான். ஜன்னல் திரை, தலையணை உறை, வாசல் மிதியடி, எதையும் மனைவி தனியாக வாங்கிவிட முடியாது. டீயை நீட்டினால்கூட "பால் ஒரு ஷேடு தூக்கலா இருக்கே" என்பார். "குடிக்கிறதுக்குத்தான் குடுத்தேன், சுவத்துல அடிக்கிறதுக்கு இல்ல" என்பாள் அவள். இருபத்தெட்டு வருடம் இப்படியே ஓடிவிட்டது. கொடுத்துவைத்தவர்கள்தான், வேறென்ன சொல்ல.

இத்தனை வருடமும் மாடி அறைகளிலேயே குடித்தனம் நடத்தியவளுக்கு இப்போதுதான் தரையோடு ஒரு வீடு கிடைத்தது. வாசலுக்கும் கேட்டுக்கும் நடுவே பத்தடி மண். அங்கே ரோஸிலும் ஊதாவிலும் பூக்கிற செடிகளாகப் புதர் புதராக வைக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. மஞ்சள் வேண்டாம், சிவப்பு வேண்டாம். "கலர் விஷயத்த எங்கிட்ட விடு" என்று அவர் ஒரு தாளில் படமே போட்டுவிட்டார். கேட் ஓரம் வெளிர் ரோஸ் அரளி, அடுத்து அடர் ரோஸ் காகிதப்பூ, ஜன்னலடியில் ஊதா. வெளிரில் தொடங்கி அடர்த்தியில் முடிய வேண்டும், நடுவில் எங்கும் திடுக்கென்று இருக்கக் கூடாது என்று அரை மணி நேரம் விளக்கினார்.

அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். உள்ளுக்குள் அவளுக்கு வேறு கவலை. ரெண்டு மாதம் முன்பு ஒரு வீட்டில் பிள்ளைகளின் அறைக்கு வெளிர் ஊதா கேட்டார்கள். இவர் கலந்து கொடுத்ததை அடித்தால் அறையே கண்ணைப் பறித்ததாம். டின் திரும்பி வந்தது. "சுவர் ஈரமா இருந்திருக்கும்" என்று சாதித்தார். போன வாரம் ஒரு ரோஸிலும் அதே கதை. இனி எல்லாவற்றையும் மிஷினிலேயே போடலாமா என்று முதலாளி யோசிப்பதாகப் பெயிண்டர் ஒருவர் அவள் காதில் போட்டுவிட்டுப் போனார். வீட்டில் ஒரு நாள் அவர் ஒரு காலில் பிரவுன் சாக்ஸும் மறு காலில் ஊதா சாக்ஸுமாகக் கிளம்பினார். துவைக்க வேண்டும் என்று சொல்லி அவள் ரெண்டையும் கழற்றி வாங்கிக்கொண்டாள். கண்ணில் கோளாறு என்று எந்த வாயால் சொல்வது? கண்ணை எடுத்துவிட்டால் அந்த மனிதரிடம் மிச்சம் என்ன இருக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை காலையில் நர்சரிக்குப் போனார்கள். ரோஸ் செடிகள் சீக்கிரமே முடிந்தன. ஆனால் அவர் பொறுக்கிய அரளி எல்லாம் படத்தில் போட்டதைவிட ஒரு படி அடர்த்தி. அவள் அவற்றையே ஓரமாக எடுத்துவைத்தாள். பிறகு நர்சரிக்காரம்மா ஊதாச் செம்பருத்தித் தொட்டி ஒன்றைத் தூக்கிவந்து வெயிலில் வைத்தாள். பூ ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம்.

கலர்காரர் குனிந்தார். வலது கண்ணை மூடினார். தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"இது ஊதா இல்லம்மா. சாயம் போன பிரவுன்."

"என்ன சார் சொல்றீங்க? இதவிட ஊதா உலகத்துல இல்ல."

"எங்கிட்டயே சொல்றியா? முப்பத்திரண்டு வருஷமா கலர்லயே கெடக்கறேன். வேற காட்டு."

வேறு காட்டினாள். மூன்றாவதையும் காட்டினாள். எல்லாம் பிரவுன். நர்சரிக்காரம்மா அவரையும் பார்த்து, அவர் மனைவியையும் பார்த்தாள். அந்தப் பார்வையில் சிரிப்பு வரப்போகிறது என்று மனைவிக்குத் தெரிந்துவிட்டது. வேறு யாரோ ஒருத்தி அவரைப் பார்த்துச் சிரிப்பதை அவளால் தாங்க முடியாது. "தண்ணி இருந்தா கொஞ்சம் குடும்மா" என்று அவளை உள்ளே அனுப்பினாள்.

பிறகு அவர் பக்கத்தில் போய் நின்று, தன் உள்ளங்கையால் அவருடைய இடது கண்ணைப் பொத்தினாள்.

"என்னம்மா பண்ற?"

"மத்தக் கண்ணத் தெறந்து பாருங்க."

பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அவள் கையை விலக்கி, வலது கண்ணை மூடிப் பார்த்தார். திரும்ப அவள் கையை எடுத்து இடது கண்ணில் வைத்துப் பார்த்தார்.

"எத்தன நாளா உனக்குத் தெரியும்?"

"ரெண்டு மாசமா."

"நான் கலந்து குடுத்ததெல்லாம்..."

"ஊதாவும் ரோஸும் மட்டுந்தாங்க. எங்க அக்காவுக்கும் இப்படித்தான் ஒரு கண்ணுல பொற விழுந்திருந்துச்சு. எடுத்ததும் சரியாயிருச்சு. அத எடுத்த டாக்டர் வியாழக்கிழமை வர்றாராம். நான் போன் பண்ணிக் கேட்டுட்டேன்."

திட்டுவார் என்று நினைத்தாள். என் கண்ணை இன்னொருத்தன் பார்ப்பதா என்பார், விருட்டென்று வீட்டுக்கு நடப்பார் என்று நினைத்தாள். அவர் அந்தப் பூவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நல்ல ஊதாம்மா" என்றார்.

நர்சரிக்காரம்மா தண்ணீர்ச் செம்போடு வரும் சத்தம் கேட்டது. மனைவி கையை எடுக்கப் போனாள். கலர்காரர் அந்தக் கையைப் பிடித்து, தன் கண்மேலேயே அழுத்தி வைத்துக்கொண்டார்.