அத்தானுக்கு மட்டும் ஒரு வாழ்த்து

அலுவலகத்தில் அவனுக்குக் கல்லுளிமங்கன் என்று பட்டப்பெயர். அவன் எழுதிய பி.எச்.பி. கணினி நிரல்களின் தலையில் தன் பெயரைப் போட்டுக்கொண்டே மேலாளர் ஆனவர், அவனுடைய அக்காள் கணவர். அதை மறக்க அவனுக்கு மனமில்லை.

தினமும் காலையில் ஊழியர் எல்லோருக்கும் வாழ்த்து மெயில் அனுப்பும் நிரல் ஒன்று உண்டு. அதில் ஆளுக்கொரு வீடு மாதிரி ஆளுக்கொரு ஆப்ஜெக்ட். அத்தானுக்குரியதைப் பிடித்து, அதன் வழியே வாழ்த்தை ‘வாரும், திருடரே’ என்று மாற்றினான். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. அந்த வாழ்த்து ஸ்டாடிக், அதாவது எல்லோருக்கும் பொதுவான கிணறு. எந்த வீட்டுக் கொல்லை வழியாகப் போய் விஷம் கலந்தாலும் எல்லோர் குடத்திலும்தான் வரும்.

மறுநாள் அத்தனை பேரும் திருடர்கள். தனக்கு மட்டும்தான் வந்தது என்று நினைத்து ஒருவரும் வாய் திறக்கவில்லை. கணக்காளர் மட்டும் ஸ்டேப்ளரை எடுத்த இடத்தில் வைத்தார். முதலாளிக்கும் வந்திருந்ததுதான் வினை.

“இதை எழுதின புண்ணியவான் யாருப்பா?”

நிரலைத் திறந்தார்கள். தலையில் அத்தானின் பெயர்.

அத்தான் அவன் காதருகே குனிந்தார். “மாப்ள, இதெல்லாம் நீ எழுதினதுன்னு சொல்லிடுடா.”

“நான் எப்ப அத்தான் எழுதினேன்? எல்லாம் நீங்கதானே.”