இருநூற்று அறுபத்துநாலு பவுண்டு

லூசியன் மெட்டோயர் தன் அத்தை வெர்லீனுக்கு ஆயிரத்து எண்ணூறு டாலர் கடன்பட்டிருந்தான். மீன் வறுத்து விற்கும் வண்டியில் நின்று நின்று அவள் சேர்த்த பணம். அவன் மூன்று மாதம் பயிற்சிக்கூடத்தில் உடம்பைத் தேற்றுவதற்காக எண்ணிப் பார்க்காமல் தூக்கிக் கொடுத்ததாக ஊரெல்லாம் சொல்லுவாள். எண்ணித்தான் கொடுத்தாள்.

தலைக்கவசம் மாட்டிக்கொண்டு மோதுகிற எங்கள் லூசியானா கால்பந்தில் லூசியனுக்கு முன்வரிசையில் நடு இடம். எதிர்வரிசையைப் பிளந்துபோய், பந்தை எறிகிறவனைச் சாய்க்க வேண்டும். கல்லூரியில் நாலு வருஷம் அவனிடம் சாயாத எறிகாரன் எங்கள் பக்கத்தில் கிடையாது, மார்தட்டியே சொல்லலாம். ஆனால் சம்பளம் கொடுக்கிற பெரிய அணிகள் அந்த இடத்துக்கு முந்நூறு பவுண்டு ஆளைக் கேட்கின்றன. லூசியன் எவ்வளவு தின்றாலும் இருநூற்று அறுபதுகளிலேயே நின்றான்.

அணிகளின் தேர்வாளர்கள் கல்லூரிக்கு வந்து எடை போட்டு, ஓடவிட்டுப் பார்ப்பது வருஷத்தில் ஒரே நாள். அன்று எடை குறைந்த பையன்கள் எல்லோரும் செய்வதைத்தான் அவனும் செய்தான். தராசில் ஏறுமுன் நாலு லிட்டர் தண்ணீரை மடமடவென்று உள்ளே இறக்கினான்.

"இருநூத்தி எழுபத்திரெண்டு!"

"மச்சி, இன்னும் ரெண்டு மடக்கு ஊத்தியிருந்தா எழுபத்தஞ்சு!" என்று முதுகில் தட்டினான் கூட்டாளி டாரியன்.

அடுத்து ஓட்டம். ஆளுக்கு இரண்டு வாய்ப்பு. முதல் ஓட்டத்தில் வயிறு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். பாரம் ஏற்றிய லாரி மாதிரி வந்து சேர்ந்தான். ஹாலிஸ் என்ற கிழட்டுத் தேர்வாளர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஏன் தம்பி, ஓடினது நீயா, உன் வயித்துல கெடக்குற குளமா?"

எல்லோரும் சிரித்தார்கள். வேலிக்கு வெளியிலிருந்து வெர்லீன் கத்தினாள்: "டேய்! நான் காசு குடுத்தது உன் காலுக்குடா, தண்ணிக்கு இல்ல!"

லூசியன் கொட்டகைக்குப் பின்னால் போனான். தொண்டையில் விரலை விட்டு அத்தனையையும் வெளியே தள்ளினான். வாயைத் துடைத்துக்கொண்டு வந்தவன், ஓட்டக்கோட்டுக்குப் போகாமல் நேராகத் தராசில் ஏறினான்.

"மறுபடி போடுங்க சார்."

"போட்டாச்சேப்பா. ஏறின எடைய எவனாவது எறக்குவானா?"

"அது என் எடை இல்ல சார். போடுங்க."

இருநூற்று அறுபத்துநாலு. டாரியன் தலையில் கை வைத்துக்கொண்டான். ஹாலிஸ் பழைய எண்ணை அடித்துவிட்டுப் புதியதை எழுதினார்.

"இந்த எடைக்கு நடுவுல எடம் கெடையாது, தெரியும்ல?"

"எங்க நிறுத்தினாலும் நிப்பேன். இப்ப ஓடுறதப் பாருங்க."

ஓடினான். ஹாலிஸ் கடிகாரத்தைப் பக்கத்து ஆளிடம் நீட்டிக் காட்டினார். பிறகு லூசியனை, எடையைவிட வேகம் கேட்கிற வரிசை ஓரத்தில் நிறுத்தி, தரையில் கையூன்றிப் பாயச் சொன்னார். இன்னொரு தடவை என்றார். அப்புறம் இன்னொரு தடவை.

ஏப்ரலில் அணிகள் ஆள் எடுத்தன. கடைசிப் பெயர்வரை வாசித்து முடித்தும் லூசியன் பெயர் வரவில்லை. அத்தை வீட்டில் வறுத்த மீன் ஆறிப்போனது. அப்போது தொலைபேசி அடித்தது.

"ஹாலிஸ் பேசறேன். ஓரத்துல ஆள் வேணும். முகாமுக்கு வந்து ஜெயிச்சாத்தான் வேலை. கையெழுத்துக்குக் கொஞ்சம் காசு தருவோம். இப்ப எடை எவ்வளவு?"

"அதே அறுபத்துநாலுதான் சார்."

"அப்படியே வா."

கையெழுத்துக் காசு வந்த அன்றே மீன் வண்டி முன்னால் போய் நின்றான்.

"கையத் துடைங்க அத்தே."

"மாவு ஒட்டினா காசு செல்லாதா? போடுடா!"

மாவு அப்பிய உள்ளங்கையை அவள் விரித்து நீட்டினாள். லூசியன் நூறு டாலர் தாளாக ஒவ்வொன்றாக வைத்தான். அவள் கூடவே சத்தமாக எண்ணினாள், பதினெட்டு வரை.