மீன்பெட்டியில் அம்மா

லண்டன் குட்மேய்ஸில் கவுன்சில்காரர் மெஷினால் புல்லு வெட்டுகிறார். எண்ணெய் கலந்த பெட்ரோல் புகை மூக்கில் ஏறியதும் நான் மறுபடி சின்னப்பிள்ளையாக வடநோர்வேயில், எங்கள் பழைய பனிஸ்கூட்டருக்குப் பின்னால்!

உறைந்த ஏரிக்கு அந்தப் பக்கம் பொங்கல். அப்பா பெரிய மீன்பெட்டிக்குச் சறுக்குக்கட்டை அடித்து, ஸ்கூட்டரோடு கயிற்றால் கட்டி, பானையோடு அம்மாவையும் என்னையும் ஏற்றினார். பிரேக் பிடித்ததும் பெட்டி சறுக்கிவந்து ஸ்கூட்டரில் மோதியது.

"கயித்தில கட்டி இழுக்க நான் என்ன மாடே?" என்று அம்மா கத்தினா.

அடுத்த நாளே அப்பா பழைய கட்டிலின் இரும்புக் குழாயை வெட்டி, கயிற்றுக்குப் பதிலாகப் பூட்டினார். ஆனாலும் அவருக்கு நம்பிக்கையில்லை. ஓடும்போது திரும்பித் திரும்பிப் பார்ப்பார்.

"இருக்கிறன், நேர பாத்து ஓடுங்கோ!" என்று அம்மா பெட்டிக்குள் இருந்து கத்துவா.

அம்மா இறந்து ஒரு வருடம். இன்று இந்தப் புல்வெட்டிப் புகைக்குள், எனக்கு முன்னால் நடந்த அப்பா சட்டென்று திரும்பிப் பார்த்தார். பின்னால் நான் மட்டும்தான்.

"இருக்கிறன் அப்பா, நேர பாத்து நடவுங்கோ" என்றேன்.

அவர் எனக்குப் பின்னால் பார்த்துக்கொண்டே நின்றார்.