நூலக வண்டிக்கு எத்தனை சக்கரம்

அந்தப் பொறியியல் கல்லூரியில் வடிவமைப்புப் பாடம் எடுத்த மேடத்துக்கு மாணவர்கள் வைத்த பெயர் பம்பரம். வகுப்பில் உட்காரவே மாட்டார். சாப்பிடும்போதாவது ஓர் இடத்தில் இரு என்று வீட்டுக்காரர் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார். நாற்காலித் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் இருந்துவிட்டு ஆசிரியர் வேலைக்கு வந்தவர். யாராவது 'எனக்குத் தோணுது' என்று ஆரம்பித்தால், அளந்து பார்த்தாயா என்று எதிரே வந்து நிற்பார்.

அந்த வருஷம் ஒரு குழு, நூலகத்தில் புத்தகம் ஏற்றித் தள்ளும் வண்டி செய்தது. மூன்று சக்கரமா நாலு சக்கரமா என்று கைதூக்கி முடிவு செய்யப் பார்த்தார்கள். மேடம் விடவில்லை. இரண்டையும் செய்து, ஸ்பிரிங் தராசு மாட்டி, தள்ள எவ்வளவு விசை வேண்டும் என்று அளந்து வந்தார்கள். மூன்று சக்கரம் சுலபமாக ஜெயித்தது. துறைத்தலைவரே பாராட்டிவிட்டார்.

மேடத்துக்கு மட்டும் இருப்புக் கொள்ளவில்லை. எங்கேயோ இடித்தது. வண்டியைத் தள்ளியது யார் என்று கேட்டார். ஒட்டகம் என்று எல்லாரும் கூப்பிடும் நெட்டைப் பையன்தான். அதுவும் வெறும் வண்டியை. நூலகத்தில் தினமும் தள்ளப்போகிற பெண்கள் இரண்டு பேரும் அவன் தோளுக்குக்கூட வர மாட்டார்கள்.

மறுபடி அளக்கச் சொன்னார். குழுத்தலைவியின் முகம் சுண்டிப்போனது.

"டேட்டா சொல்றதைக் கேளுங்கன்னு நீங்கதானே சொன்னீங்க மேடம்? கேட்டோம். உங்களுக்கு முதல்லேர்ந்தே நாலு சக்கரம்தான் பிடிக்கும். அது ஜெயிக்கிற வரைக்கும் அளந்துட்டே இருக்கணுமா?"

சுருக்கென்று தைத்தது. அவள் சொன்னதில் பொய்யில்லை. மேடம் ஜன்னல் வரை போய்த் திரும்பி வந்தார்.

"சரி. யார் தள்ளணும், எவ்வளவு பாரம், என்ன வந்தா முடிவை மாத்துவீங்க, எல்லாத்தையும் அளக்குறதுக்கு முன்னாடியே நீங்களே பேசி வச்சுக்கங்க. அப்புறம் எது வந்தாலும் அதுதான். நான் அந்தப் பக்கமே வரமாட்டேன்."

சொல்லிவிட்டாரே தவிர, சோதனை நடந்த மதியம் நெருப்பின் மேல் நிற்பதுபோல இருந்தது. வாங்கிய தேநீரைக் குடிக்காமல் ஆறவிட்டார். விடைத்தாள் திருத்த உட்கார்ந்து ஒரே பதிலைத் திரும்பத் திரும்பப் படித்தார். நூலகப் படி வரை போவதும் திரும்புவதுமாக இருந்தவரிடம், ஏதாவது தொலைத்துவிட்டீர்களா அம்மா என்று காவலாளி விசாரித்தார்.

கடைசியில் குழுத்தலைவி வந்தாள். புத்தகம் ஏற்றியும், நூலகப் பெண்கள் தள்ளியும் மூன்று சக்கரம்தான் லேசாக ஓடியதாம். ஆனால் திருப்பத்தில் அவர்கள் இரண்டு வண்டியிலுமே திணறினார்கள். கைப்பிடி நெஞ்சுக்கு நேரே இருந்தது. தாழ்த்திக் கட்டியதும் விசை மளமளவென்று குறைந்தது.

"சக்கர விஷயத்துல நீங்க தோத்துட்டீங்க மேடம்." சிரிப்பை அடக்க அவளால் முடியவில்லை.

"தோத்துட்டுப் போறேன். கைப்பிடியை என்ன பண்ணப் போறீங்க?"

இருவருக்கும் வேறு வேறு உயரம் வசதியாக இருந்ததால், ஏற்றி இறக்கும்படி செய்யப்போவதாகச் சொன்னாள். மாணவர் படைப்புகளுக்குப் பரிசு தரும் கண்காட்சி நாளுக்குள் வேலை முடியவில்லை. பெயின்ட் அடிக்காத கைப்பிடியைப் பார்த்துத் துறைத்தலைவர் முகம் சுளித்தார். பரிசு வேறு குழுவுக்குப் போனது. நூலகப் பெண்கள் வண்டியை அன்றைக்கே கேட்டு வாங்கிப்போனார்கள்.

மேடத்துக்கு அப்போதும் நிம்மதி இல்லை. மழை நாளில் வாசலெல்லாம் ஈரமாகுமே, ஈரத் தரையில் யாராவது அளந்தார்களா என்று மறுநாள் காலையில் குழுத்தலைவியைத் தேடிக்கொண்டு போனார்.