அறுபது செக்கனில் ஒரு சம்மதம்

கைபேசியில் ஏதாவது செய்துகொண்டிருக்கும்போது திடீரென்று ஒரு பெட்டி எழும்பி, வழிமறித்து, கேள்வி கேட்கிறதே, அந்தப் பெட்டிகளைக் கட்டுவதுதான் ஜெனூபாவின் தொழில். கல்முனைக் கடைத்தெருவில் இரும்புச் சாமான் கடையொன்றின் மேல்மாடியில் ஆறு மேசைகள் போட்ட ஒரு கந்தோர். கீழே தகரம் வெட்டும் சத்தம். மேலே இவள். அழிக்கவா, அனுப்பவா, வெளியேறவா என்று ஏழு வருடத்தில் எத்தனை ஆயிரம் கேள்விகளைக் கட்டினாளோ, அவளுக்கே கணக்கில்லை.

மற்றவர்கள் இதைச் சின்ன வேலை என்று நினைத்தார்கள். அவள் அப்படி நினைக்கவில்லை. பெட்டி எழும்பியதும் அதற்குப் பின்னாலுள்ள திரை மங்கிவிடும். பதில் சொல்லும்வரை ஆள் அங்கே இங்கே அசைய முடியாது. நடந்து போகிற மனிதனைக் கையைப் பிடித்து நிறுத்துவது போன்ற காரியம் அது. நிறுத்தினால் எதற்கு நிறுத்தினோம் என்று ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பதில் சொல்ல விரும்பாதவன் விலகிப் போக ஒரு வழியும் வைக்க வேண்டும். விலகிப் போனால் எதுவும் நடக்கக் கூடாது. இதில் அவள் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

"நீ பெட்டி கட்டல்ல, ஜட்ஜ் மாதிரிக் கோடு நடத்துறாய்," என்பாள் எதிர் மேசை யதுசா. பாண்டிருப்புக்காரி. ஜெனூபா கட்டியதையெல்லாம் குத்திக் குடைந்து பிழை பிடிப்பது அவளுடைய வேலை. இருவரும் நல்ல சிநேகிதிகள்.

நளீர் ஹாஜியாரின் வேலை கந்தோருக்கு வந்தது ஒரு திங்கட்கிழமை. ஊரின் பெரிய கலியாண மண்டபம் அவருடையது. மண்டபம் பதிவது, சாப்பாடு சொல்வது, காவின் என்கிற திருமணப் பதிவை எழுத வருகிற பதிவாளருக்கு வேண்டிய விவரங்களைத் திரட்டுவது, எல்லாம் ஒரே செயலியில் முடிய வேண்டும் என்றார். கொப்பி ஒன்றில் அடிமட்டம் வைத்துக் கோடு கிழித்து, எல்லாவற்றையும் தானே வரைந்துகொண்டும் வந்திருந்தார். மாப்பிள்ளைக்கு ஒரு பெட்டி: சம்மதமா? பெண்ணைக் கட்டிக்கொடுக்கும் வலீயான வாப்பாவுக்கு ஒரு பெட்டி: சம்மதமா? சாட்சிகள் இருவருக்கும் பெட்டி. எத்தனை சஹன் தட்டுச் சோறு என்று உறுதிப்படுத்தச் சமையல்காரருக்கும் ஒரு பெட்டி.

ஜெனூபா கொப்பியை முன்னும் பின்னும் புரட்டினாள்.

"ஹாஜியார், மணப்பொண்ணுக்குப் பெட்டி எங்க?"

"பேரு போட்டிரிக்கே, புள்ள."

"பேருதான் இரிக்கி. கேள்வி இல்ல."

"அதுக்குத்தான் வாப்பா இரிக்காரே."

"சமையல்காரருக்கும் வாப்பா இரிப்பாரு. அவரையும் கேக்கத்தானே செய்றீங்க."

யதுசாவுக்குத் தேத்தண்ணி புரையேறியது. கந்தோர் முதலாளி அஸ்பாக் அவசரமாக இடையில் புகுந்து, "அதெல்லாம் பாத்துச் செய்வம் ஹாஜியார்," என்று அவரைப் படிவரைக்கும் கொண்டுபோய் விட்டுவந்தார்.

இந்தக் கேள்வி ஜெனூபாவுக்குப் புத்தகத்தில் கிடைத்ததல்ல. அவளுக்குப் பத்தொன்பது வயதில் கலியாணம் நடந்தது. உயர்தரத்தில் கணிதம் படித்துச் சித்தியடைந்து, பல்கலைக்கழகக் கடிதத்துக்காகக் காத்திருந்த நேரம். முன் ஹோலில் ஆண்கள் காவின் எழுதிக்கொண்டிருந்தார்கள்; அவள் பின் அறையில் நகைக் கனத்தில் குனிந்து உட்கார்ந்திருந்தாள். யாரோ ஒருவர் கதவருகில் வந்து ஏதோ சொன்னார். பெண்களின் இரைச்சலில் அது அவள் காதில் விழவே இல்லை. "புள்ள வாய் திறக்கல்ல, சம்மதம்தான்," என்று அவர் திரும்பிப் போனார். பிறகு ஒருநாள் அந்தத் தாளைப் பார்த்தாள். மாப்பிள்ளையின் கையெழுத்து இருந்தது, வாப்பாவின் கையெழுத்து இருந்தது, சாட்சிகளுடையதும் இருந்தது. அவளுடையதற்கு இடமே இல்லை. ஊர் வழக்கப்படி மாப்பிள்ளை அவளுடைய வீட்டுக்கே வந்து குடியேறினான். வந்தவன் முதல் வேலையாக அவளுடைய புத்தகங்களைக் கட்டிப் பரணில் போட்டான். பதினான்கு மாதம் வாழ்ந்தாள். அதிலிருந்து வெளியே வர இரண்டு வருடம் காதி நீதிமன்றத்து வாங்கில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே போகும்போது ஒரு சொல்லும் கேட்காதவர்கள், வெளியே வரும்போது ஆயிரம் கேள்வி கேட்டார்கள்.

ஒரு பெண்ணின் வாழ்க்கையை மாற்றுகிற தாளில் அவளுடைய பெருவிரல் அடையாளத்துக்குக்கூட இடம் வைக்காத ஊரை என்னவென்று சொல்வது? மாடு விற்கிற சந்தையிலாவது மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்கிறார்கள்.

அவள் பெண்ணுக்கும் ஒரு பெட்டி கட்டினாள். பெண்ணின் சொந்த இலக்கத்துக்கே போகும். திறக்க இரகசிய எண் வேண்டும். "இந்தத் திருமணத்துக்கு நீங்கள் சம்மதிக்கிறீர்களா?" கீழே ஒரே அளவில், ஒரே நிறத்தில் இரண்டு பொத்தான்கள்: ஓம், இல்லை. ‘இல்லை’யை அழுத்தினால் இன்னொரு தரம் கேட்கும். ‘ஓம்’மை அழுத்தினாலும் கேட்கும்.

அடுத்த வாரம் பார்க்க வந்த ஹாஜியார் கோபிப்பார் என்று அஸ்பாக் வியர்த்துக்கொண்டிருந்தார். அவர் கோபிக்கவில்லை. "நல்லா இரிக்கி. கொழும்புக்காரனுக்கும் காட்டலாம்," என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "ஒரு சின்ன மாத்தம். குமர்ப் புள்ளயள் வெக்கப்படுங்கள். அறுபது செக்கன் குடு. அதுக்குள்ள ஒண்டும் அமத்தாட்டி ஓம் எண்டு போட்டுக்க. பெட்டிய மூடினாலும் ஓம்தான்."

"மூடினா எப்பிடி ஹாஜியார் ஓம் ஆகும்? உலகத்தில எந்தப் பெட்டியிலயும் மூடினா ஒண்டும் நடக்காது."

"உலகத்த உடு. கன்னிப் பொண்ணுட மௌனம் சம்மதம். ஹதீஸில இரிக்கி. உனக்கு ஓதித் தரல்லயா?"

"தந்தாங்க. அதில முதல் பாதியும் இரிக்கி. கேக்காமக் கட்டிவெக்காதீங்க எண்டு. கேக்கிறவர் முன்னுக்கு இருந்து முகத்தப் பாத்துக் கேக்கணும். வெக்கமா, பயமா, அழுகையா எண்டு முகம் காட்டும். இது போன் ஹாஜியார். போனுக்கு வெக்கமும் தெரியாது, பயமும் தெரியாது."

"புள்ள, நான் காசு தந்து பெட்டி கேட்ட. பள்ளிப் பயான் கேக்கல்ல."

அவர் போன பிறகு அஸ்பாக் நாற்காலியை இழுத்துக்கொண்டு அவளருகில் வந்தார். கெட்ட மனிதரல்ல, ஆறு பேருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டியவர். "அவர் சொன்ன மாதிரிச் செஞ்சு குடுத்திட்டா முடிஞ்சிது ஜெனூபா. நமக்கென்ன?"

"சரி காக்கா. செய்றன்," என்றாள் அவள்; அண்ணன் முறைக்கு அவரை அப்படித்தான் கூப்பிடுவாள். யதுசா தலையை உயர்த்தி அவளைச் சந்தேகமாகப் பார்த்தாள். ஜெனூபா இவ்வளவு லேசில் சரி என்றால் அதில் ஏதோ இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

சொன்னபடியே செய்தாள். அறுபது செக்கன். பதில் இல்லாவிட்டால் ஓம். சோதனைப் பிரதியை ஹாஜியாரின் போனிலும் போட்டுக் கொடுத்தாள். வியாழக்கிழமை அவர் கந்தோருக்கு வந்திருந்தபோது நடுப்பகல் லுஹர் தொழுகைக்கு பாங்கு சொன்னது. போனைச் சத்தமில்லாமல் ஆக்கி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போனார். திரும்பி வந்து உட்கார்ந்து, போனை எடுத்து, கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு சத்தமாக வாசித்தார்.

"‘இந்த வருடம் முழுவதும் உங்கள் மண்டபத்தை ஏழைக் குமர்களின் திருமணங்களுக்கு வாடகையின்றித் தர உங்கள் சம்மதம் பதிவாகியது. நன்றி.’ என்ன புள்ள இது? எனக்கிட்ட ஆரு கேட்ட?"

"கேட்டம் ஹாஜியார். பன்னிரண்டு முப்பத்தெட்டுக்குக் கேட்டம். அறுபது செக்கன் பாத்தம். நீங்க ஒண்டும் சொல்லல்ல."

"நான் ருக்கூவில நிண்டிருப்பன்!"

"அந்தப் புள்ளயும் எங்கயாவது நிண்டிருக்கும். குசினியில சமைச்சிட்டு நிண்டிருக்கும். போன் வாப்பாட மேசையில இருந்திருக்கும். இல்லாட்டி அந்தப் பெட்டியப் பாத்துப் பாத்து அழுதிட்டு இருந்திருக்கும்."

"ரெண்டும் ஒண்டா?"

"இல்லதான். உங்களுக்கு ஒரு வருச வாடகைதான் போகும்."

யாரும் சிரிக்கவில்லை. அஸ்பாக்கின் முகம் வெளிறியிருந்தது. ஹாஜியார் அந்த வாசகத்தை இன்னொரு தரம், இம்முறை சத்தமில்லாமல், வாசித்தார். "முதல்ல இத அழி," என்றார். அவள் அழித்தாள். "ஒரு மாசம் பாப்பம். பதில் வராட்டி, வரல்ல எண்டே போடு. ஆனா ஒண்டு. ஒரு கலியாணம் குழம்பினா இந்த போன் அப்பும் வேணாம், நீங்களும் வேணாம். அஸ்பாக், கேட்டயா?"

அந்த மாதம் ஒன்பது கலியாணங்கள் பதிவாகின. எட்டுப் பெண்கள் ஓம் என்றார்கள். அதில் ஒருத்தி இரண்டு நாள் கழித்துச் சொன்னாள். வானம் இடிந்து விழவில்லை. ஒன்பதாவது பெட்டி பொத்துவிலுக்குப் போனது. ஸப்னா, இருபது வயது. பதில்: இல்லை. மீண்டும் கேட்டபோதும் இல்லை. பதிவை ஜெனூபா திறந்து பார்த்தாள். இரகசிய எண் போட்டுப் பெட்டியைத் திறந்ததிலிருந்து ‘இல்லை’யை அழுத்தும்வரை நாற்பத்தொரு நிமிடம் ஆகியிருந்தது. நாற்பத்தொரு நிமிடமும் அந்தப் பிள்ளை அதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

மறுநாள் காலை ஸப்னாவின் வாப்பா முபாறக், பதிலைக் கேள்விப்பட்டு, வான் பிடித்துக் கல்முனைக்கு வந்து, ஹாஜியாரையும் கூட்டிக்கொண்டு படியேறினார். மூன்று மீன்பிடிப் படகுகளின் சொந்தக்காரர். வெயிலில் கறுத்த கனத்த உடம்பு. மேசைமுன் நின்றே கதைத்தார்.

"என்ட மகள் தெரியாம அமத்திட்டாள்."

"ரெண்டு தரம் அமத்தி இரிக்கி மாமா."

"ரெண்டும் தெரியாமத்தான். நீ அத ஓம் எண்டு மாத்து. உனக்கு மாத்த ஏலும்தானே?"

"ஏலும்."

"அப்ப மாத்து!"

ஹாஜியாரும் சொன்னார்: "ஊருக்கெல்லாம் சொல்லியாச்சு புள்ள. இருவத்திரெண்டாந்தேதி கலியாணம். இனிப் பின்னுக்குப் போக ஏலா."

"ஒரு வரிதானே ஜெனூபா," என்றார் அஸ்பாக், தரையைப் பார்த்தபடி.

ஒரு வரிதான். அவளுடைய காவின் தாளிலும் ஒரு வரிதான் எழுதியிருந்தார்கள். ஜெனூபாவின் காது சுட்டது. விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இருங்க மாமா. நாலு நிமிசம்."

அவர்கள் அவள் மாற்றுகிறாள் என்று நினைத்தார்கள். யதுசா எழும்பிவந்து அவளுக்குப் பின்னால் நின்றாள். ஜெனூபா தட்டினாள், வாசித்தாள், ஒரு சொல்லைத் திருத்தினாள். பிறகு சோதனைப் போனை எடுத்து முபாறக்கின் கையில் கொடுத்தாள். திரை மங்கி, நடுவில் ஒரு பெட்டி நின்றது.

"ஸப்னா இந்தத் திருமணத்துக்கு ‘இல்லை’ என்று சொல்லியிருக்கிறார். அவருடைய பதிலை ‘ஓம்’ என்று மாற்றுபவர்: அவருடைய தந்தை முபாறக். இந்த மாற்றம் ஸப்னாவுக்கும் பதிவாளருக்கும் அறிவிக்கப்படும்."

கீழே இரண்டு பொத்தான்கள்: மாற்று, விடு.

முபாறக் உதடசைய வாசித்தார். "பதிவாளருக்கு என்னத்துக்கு?"

"காவின் எழுதுறவர் அவர்தானே. ஓம் எண்டு ஆரு சொன்ன எண்டு அவருக்குத் தெரியணும். இதில ஏதும் பொய் இரிக்கா மாமா? இருந்தாச் சொல்லுங்க, திருத்துறன்."

"நீயே அமத்து."

"என்ட பேரு இதில இல்ல. உங்கட பேருதான் இரிக்கி."

"உன்ட வாப்பா உன்ன இப்பிடித்தான் வளத்தாரா? பெரியவங்களுக்கு வாய் காட்டச் சொல்லி?"

"இல்ல மாமா. என்ட வாப்பா என்னையக் கேக்காமக் கட்டிவெச்சாரு. நான் வாய் காட்டல்ல. அதாலதான் இண்டைக்கு இந்தப் பெட்டியக் கட்டிட்டு இரிக்கன்."

கீழே தகரம் வெட்டுவதை நிறுத்தியிருந்தார்கள். முபாறக்கின் பெருவிரல் திரைக்கு மேலே நின்றது. வலை இழுத்துக் காய்த்துப்போன விரல். மகளின் பெயரும் அவருடைய பெயரும் ஒன்றின்கீழ் ஒன்றாக இருந்தன. இதுவரை அவர் செய்ததெல்லாம் ஊர் வழக்கம், வீட்டு மானம், பெரியவர்களின் முடிவு. யார் செய்தது என்று பெயர் போட்டு எழுதி அவர்முன் யாரும் நீட்டியதில்லை.

"சரியெண்டு பட்டா அமத்து முபாறக்," என்றார் ஹாஜியார். அவருடைய குரலில் முன்பிருந்த அதட்டல் இல்லை.

முபாறக் அழுத்தவில்லை. இரண்டு பொத்தானில் எதையும் தொடாமல் போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். "இருவது வருசமா அவள் எனக்கு எதுத்து ஒரு வார்த்தை கதைச்சதில்ல," என்றார், யாரிடம் என்றில்லாமல். பிறகு மடமடவென்று படியிறங்கிப் போனார்.

ஹாஜியார் கவிழ்ந்து கிடந்த போனை ஜெனூபாவின் பக்கம் தள்ளினார். "இருவத்திரெண்டாந்தேதிக்கு மண்டபம் காலி எண்டு போடு," என்றார். "நான் சொன்னதும் ஞாபகம் இரிக்கட்டும் அஸ்பாக். கலியாணம் ஒண்டு குழம்பிட்டு. மாசக் கடைசியில கதைப்பம்." அவரும் இறங்கிப் போனார்.

அஸ்பாக் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "வேலை போகப்போகுது."

"போகலாம்," என்றாள் ஜெனூபா.

"அந்தப் பெட்டிய என்ன செய்ற? அழிக்கவா?" என்று யதுசா கேட்டாள்.

ஜெனூபா திரைப்பக்கம் திரும்பினாள். ஸப்னாவின் பெயர் இருந்த இடத்தில் மணப்பெண்ணின் பெயர் என்றும், முபாறக்கின் பெயர் இருந்த இடத்தில் மாற்றுபவரின் பெயர் என்றும் வைத்தாள். இனிமேல் எந்த வாப்பா, எந்தக் காக்கா, எந்த மண்டபக்காரர் ஒரு பெண்ணின் பதிலில் கைவைக்க வந்தாலும், இந்தப் பெட்டி எழும்பி அவருடைய பெயரைச் சொல்லித்தான் கேட்கும்.

"ஹாஜியாருக்குச் சொல்லணும்," என்றார் அஸ்பாக், அவளுடைய தோளுக்கு மேலால் பார்த்து.

"சொல்லுங்க காக்கா," என்றபடி அவள் அந்தப் பெட்டியைச் செயலியில் ஏற்றினாள்.